‘தப்பு உங்களுடையது’ என்று கடிதம் வந்தால்...

(பாரிட் புந்தாரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய விளக்கவுரையின் எழுத்து வடிவம்)



சாலை விபத்து என்ற தலைப்பை எடுத்தாலே நம் நிகழ்ச்சிகளில் வேகம், தலைக்கவசம், மதுபோதை என்று பேசி முடித்துவிடுகிறோம். அவையெல்லாம் விபத்துக்கு முன்னே பேச வேண்டியவை. விபத்து நடந்து, கடவுள் புண்ணியத்தில் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல், காரை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு நிற்கும் மனிதருக்கு யார் வழி சொல்வது? நேயர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இந்த ரகமே அதிகம். “தங்கச்சி, நான் பெரிய ரோட்டுல நேராத்தான் வந்தேன். அவன்தான் சந்துலேர்ந்து பாய்ஞ்சான். இப்ப அவனோட இன்சூரன்ஸ்காரன் பணம் கிடையாது, தப்பு உன் பேர்லதான்னு கடிதம் போட்டிருக்கான். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதாம்மா?”

செய்ய முடியும் ஐயா. அதைச் சொல்லத்தான் இன்றைய நேரம்.

அந்தக் கடிதம் ஒரு தீர்ப்பு அல்ல. நீதிபதி எழுதியதும் அல்ல, போலீஸ் எழுதியதும் அல்ல. பணம் கொடுக்க வேண்டிய தரப்பு, தான் ஏன் கொடுக்கப் போவதில்லை என்று எழுதிய கடிதம், அவ்வளவுதான். கடனைக் கேட்டுப் போனால், கடன் வாங்கியவரே “நான் உனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை” என்று தாளில் எழுதிக் கொடுத்தால் நாம் ஏற்றுக்கொண்டு திரும்புவோமா? ஆனால் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள், முத்திரை, கடித எண் எல்லாவற்றையும் பார்த்ததும் நம்மவர்கள் பலர் அதை நீதிமன்ற உத்தரவுபோல் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தவரின் காப்புறுதி நிறுவனத்துக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. நீங்கள் அவர்களுக்கு ஒரு காசு சந்தா கட்டியதில்லை. அவர்கள் ஒப்பந்தம் செய்திருப்பது உங்கள் காரை மோதியவரோடு. ‘உன்னால் மற்றவருக்கு நஷ்டம் ஏற்பட்டு, அதற்கு நீ பொறுப்பாளியானால், உனக்காக நாங்கள் கொடுக்கிறோம்’ என்பதுதான் அந்த ஒப்பந்தம். ஆக, உங்கள் வழக்கு உண்மையில் அந்த ஓட்டுநர் மீதுதான். நிறுவனம் அவருக்குப் பின்னால் பணப்பையோடு நிற்கிறது. ஓட்டுநர் மீது தவறு என்பது நிலைநிறுத்தப்படாத வரையில் அந்தப் பை திறக்காது. இந்த உறவைப் புரிந்துகொண்டால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது புரியும்.

மூன்று வழிகள்

கார் சேதத்துக்கு நம் நாட்டில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உங்கள் சொந்தக் காப்புறுதியிலேயே கோருவது. பட்டறைக்காரர்கள் இதை ‘ஓ.டி.’ என்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த என்.சி.டி. கழிவு போய்விடும்.

இரண்டாவது, ‘நாக் ஃபார் நாக்’, சுருக்கமாக கே.எஃப்.கே. காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. இரு வண்டிகளுக்கும் முழுக் காப்புறுதி இருந்து, தவறு அடுத்தவர் மீதுதான் என்பது தெளிவாக இருந்தால், உங்கள் நிறுவனமே உங்கள் காரைச் செய்து கொடுக்கும். உங்கள் என்.சி.டி.யும் தப்பும். நல்ல வழிதான். ஆனால் தவறு யாருடையது என்பதில் தகராறு வந்துவிட்டால் இந்தக் கதவும் பாதி சாத்திவிடும்.

மூன்றாவது, எதிர்த்தரப்பின் நிறுவனத்திடம் நேராகக் கோரும் மூன்றாம் தரப்புக் கோரிக்கை. அடுத்தவர் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தாலோ, உங்கள் வண்டிக்கே அது மட்டும் இருந்தாலோ உங்களுக்கு வழி இதுதான். கிரியான் வட்டாரத்தில் எத்தனை பழைய காஞ்சில், எத்தனை பழைய சாகா, எத்தனை மோட்டார் சைக்கிள் ஓடுகின்றன! ‘பழைய வண்டிக்கு எதற்கு முழுக் காப்புறுதி’ என்று மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தவர்களே இவற்றில் அதிகம். அவர்களுக்குச் சொந்த நிறுவனம் ஒரு காசு தராது. எதிர்த்தரப்பு இல்லை என்றால் முழு நஷ்டமும் அவர்கள் தலையில். பினாங்கு பக்கம் ஆலை வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு, அந்தப் பழைய காரே மாதச் சம்பளம். ஆகவே இந்தக் கடிதத்தால் அதிகம் அடிபடுவது, அதை எதிர்த்து நிற்கப் பழக்கமே இல்லாத குடும்பங்கள்தான்.

என்.சி.டி. என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதன் விலை என்ன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் காருக்கு முதலாண்டு கோரிக்கை இல்லையென்றால் 25 விழுக்காடு கழிவு. பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55. உங்கள் காரின் ஆண்டுச் சந்தா 1,800 வெள்ளி என்று வையுங்கள். 55 விழுக்காடு கழிவில் இருப்பவர் 810 வெள்ளி கட்டுவார். கழிவு பறிபோனால் அடுத்த ஆண்டு முழு 1,800. அதற்கடுத்து 1,350, பின் 1,260, பின் 1,110, பின் 990. ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது எவ்வளவு? 990, 540, 450, 300, 180. கூட்டினால் 2,460 வெள்ளி! சந்தா மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 2017 ஜூலைக்குப் பிறகு முழுக் காப்புறுதிச் சந்தாவை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன என்பதால் ஆளுக்கு ஆள் தொகை மாறும். கழிவு ஏறும் படிகள் மட்டும் மாறவில்லை.

இந்த 2,460-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் 24 மணி நேரம்

தவறு யாருடையது என்ற தகராறு, கடிதம் வந்த நாளில் ஆரம்பிப்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை நேயர்களே. விபத்து நடந்த இடத்திலேயே அது ஆரம்பித்துவிடுகிறது. பல சமயம் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம், உங்கள் நன்மைக்காகச் செய்யுங்கள். “சின்ன இடிதானே, 300 வெள்ளி வாங்கிக்கிட்டு விட்டுடுங்கண்ணே” என்று கைகுலுக்கிப் பிரிந்து, மறுவாரம் பார்த்தால் அடுத்தவர் போலீசில் நீங்கள்தான் மோதியதாகப் புகார் செய்திருப்பார். முதலில் பதிவானது அவர் கதை. பிறகு போகும் உங்கள் கதை, பதில் கதையாகத்தான் பார்க்கப்படும்.

பாரிட் புந்தார் மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊர் பேராக். கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. இந்தப் பக்கம் நிபோங் திபால், அது பினாங்கு. சந்தைக்குப் போய் வருவதற்குள் மூன்று மாநிலத்தையும் மிதித்துவிடுகிறோம். விபத்து எந்த மாவட்டத்தில் நடந்ததோ, அந்த மாவட்டப் போக்குவரத்துப் போலீஸ்தான் விசாரிக்கும். பண்டார் பாருவில் நடந்த மோதலுக்கு வீட்டுக்குப் பக்கம் என்று நம் ஊர் நிலையத்தில் புகார் செய்தால் புகார் பதிவாகும். ஆனால் விசாரணை அதிகாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பார். வரைபடமும் படங்களும் அங்கேதான் தயாராகும். நீங்கள் இங்கே வந்து ‘என் கேஸ் என்னாச்சு’ என்று எத்தனை முறை கேட்டாலும் பதில் கிடைக்காது. அதனால் விபத்து நடந்த பக்கத்திலேயே புகாரைச் செய்யுங்கள். விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் அன்றே எழுதி வையுங்கள்.

அடுத்து நான் சொல்லப் போவது, என்னைக் கேட்டால், இன்றைய பேச்சிலேயே மிக முக்கியமான பகுதி. புகார் மலாய் மொழியில் எழுதப்படுகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல எதிரே உள்ளவர் தட்டச்சு செய்கிறார். வெளியே கூட்டம், கை நடுக்கம், வீட்டிலிருந்து தொலைபேசி. “சைன் பண்ணுங்க” என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெரியவர்கள் பலருக்குப் பேச்சு மலாய் நன்றாக வரும். எழுத்து மலாயின் நுணுக்கம் வேறு. ‘டி ஜாலான் உத்தாமா’ என்றால் நீங்கள் பெரிய சாலையில் இருந்தீர்கள். ‘கெலுவார் சிம்பாங்’ என்றால் நீங்கள் சந்திப்பிலிருந்து வெளியே வந்தீர்கள். பெரிய சாலையில் வருபவருக்கே முன்னுரிமை. இந்த இரண்டு சொற்கள் இடம் மாறினால் உங்கள் கோரிக்கையே தலைகீழாகிவிடும். ‘மெலாங்கார்’ என்றால் மோதியது, ‘டிலாங்கார்’ என்றால் மோதப்பட்டது. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆயிரக்கணக்கான வெள்ளி அதில் தொங்குகிறது.

புகாரை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்தச் சாலை, எந்தத் திசை, எந்தத் தடம், விளக்கு என்ன நிறம், அடுத்த வண்டி எங்கிருந்து வந்தது, உங்கள் காரின் எந்தப் பக்கம் அடிபட்டது, இவ்வளவும் இருக்க வேண்டும். தவறு கண்ணில் பட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு கூடுதல் புகார் செய்து திருத்தலாம்தான். ஆனால் பத்து நாள் கழித்து மாறும் கதையை எதிர்த்தரப்பு எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படங்கள். இப்போது எல்லார் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் எடுப்பது நசுங்கிய பம்பரைத்தான். பம்பர் பட்டறைக்குப் போகும், அங்கேயும் படம் எடுக்கலாம். சாலை பட்டறைக்குப் போகாது. வண்டிகளை நகர்த்தும் முன், ஆபத்தில்லாத இடத்தில் நின்றுகொண்டு, தூரத்திலிருந்து இரு திசையிலும் படம் எடுங்கள். சாலைக் கோடு, நிறுத்தக் கோடு, சிதறிய கண்ணாடி, டயர் தேய்ந்த தடம், விளக்குக் கம்பம் எல்லாம் தெரிய வேண்டும். யார் யார் தடத்துக்குள் வந்தார்கள் என்பதைச் சிதறிய கண்ணாடி சொல்லிவிடும். காரில் முன்கேமரா வைத்திருப்பவர்கள் அன்றைக்கே அட்டையைக் கழற்றி வையுங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதிய பதிவை எழுதிக்கொண்டு போகும் இயந்திரம். பக்கத்துக் கடையிலோ எண்ணெய் நிலையத்திலோ கேமரா இருந்தால் அதற்கும் அதே கதிதான். அடுத்த வாரம் போய்க் கேட்டால் இருக்காது.

சாட்சி ஒருவர் கிடைத்தால் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். உங்கள் காரில் உடன் வந்த மச்சானைவிட, எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாதவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நீங்கள் போலீசுக்கு அழைக்கும் முன்பே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர்கள். “அண்ணே, கவலைப்படாதீங்க, எல்லாம் நாங்க பார்த்துக்குறோம், ஒரு காசு வேண்டாம்” என்பார்கள். நல்லவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெற்றுத் தாளில், நிரப்பாத பாரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தை வைத்து உங்கள் பெயரில் வழக்கறிஞர் நியமிக்கப்படலாம், இழப்பீட்டுப் பணம் வேறு கணக்குக்குப் போகலாம், காரை வெளியே எடுக்கவே நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணைத் தொலைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். விபத்தைச் சொந்த நிறுவனத்துக்கும் 7 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் அவர்களிடம் கோரிக்கை வைக்காவிட்டாலும் சரி. ஏனென்றால் அடுத்தவர் உங்கள் மீது கோரிக்கை வைக்கலாம். அப்போது பதில் சொல்லப் போவது உங்கள் நிறுவனம்தான். உங்கள் தரப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ‘தப்பு என்னுடையதுதான்’ என்று நடுரோட்டில் யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனையே அதைத் தடுக்கிறது.

போலீஸ் முடிவும் பாதிப் பாதியும்

போலீஸ் விசாரணை முடிந்ததும் விபத்து வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றின் நகலைக் கட்டணம் கட்டிப் பெறலாம். பெறுங்கள். அடுத்தவருக்குச் சம்மன் கொடுக்கப்பட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும். காப்புறுதி நிறுவனங்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஆனால் ஒன்று. போலீஸ் முடிவு உங்களுக்குச் சாதகமாக இல்லை, அல்லது ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்று மூடப்பட்டது என்றால் கதை முடிந்ததா? இல்லை. போலீஸ் பார்ப்பது போக்குவரத்துக் குற்றம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்கு சிவில் வழக்கு. அங்கே இரு கதைகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கேள்வி. தராசு கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். சிவில் நீதிமன்றம் போலீஸ் முடிவைக் கேட்கும், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. வரைபடத்தையும் படத்தையும் சாட்சியத்தையும் வைத்துத் தானே முடிவு செய்யும்.

தவறு ஒருவர் மீதேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நஷ்டப்பட்டவரின் பங்கு அலட்சியத்துக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்க இடம் தருகிறது. சந்திலிருந்து வந்தவர் மீது 80 விழுக்காடு, வேகமாக வந்த பெரிய சாலைக்காரர் மீது 20 என்று பிரிக்கப்படலாம். ‘பின்னால் மோதியவன் மீதே எப்போதும் தவறு’ என்று காப்பிக்கடையில் சொல்வதும் முழு உண்மை அல்ல. முன்னால் இருந்தவர் திடீரெனத் தடம் மாறி நுழைந்திருந்தால், அல்லது பின்னோக்கி வந்திருந்தால் கதை வேறு. அதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. மேலே கேமராவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது இதற்காகத்தான்.

இந்தப் பங்குக் கணக்கை வைத்துத்தான் நிறுவனங்கள் அடிக்கடி ஒரு சமரசம் பேசுகின்றன. “இரண்டு பேர் கதையும் வேறு வேறாக இருக்கிறது, பாதிப் பாதி வைத்துக்கொள்வோம்.” கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். பஞ்சாயத்தில் தீர்த்து வைத்ததுபோல் இருக்கும். இப்போது அந்த 2,460-ஐ எடுங்கள்.

உங்கள் மொத்தக் கோரிக்கை 4,800 வெள்ளி. பாதிப் பாதி என்று ஒப்புக்கொண்டால் கைக்கு வருவது 2,400, இழப்பது 2,400. அதோடு நின்றுவிடுமா? உங்கள் மீது பாதித் தவறு என்று நீங்களே ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்தவர் தன் வண்டியின் பாதிச் செலவை உங்கள் நிறுவனத்திடம் கேட்பார். உங்கள் நிறுவனம் கொடுத்தால் உங்கள் என்.சி.டி. போகும். நாம் மேலே போட்ட கணக்குப்படி அது இன்னொரு 2,460. ஆக மொத்த இழப்பு 4,860. முழுக் கோரிக்கையையும் விட்டுக்கொடுத்ததைவிட அதிகம்! எல்லாப் பாதிப் பாதியும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. சாட்சி இல்லை, படம் இல்லை, வரைபடமும் தெளிவாக இல்லை என்றால் பாதி கிடைப்பதே பெரிது. ஆனால் ‘போகட்டும், பாதியாவது வருதே’ என்று தலையாட்டும் முன் உங்கள் நிறுவனத்தை அழைத்து, அடுத்தவர் உங்கள் மீது கோரிக்கை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

கடிதத்துக்குக் கடிதம்

சரி, மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. முதல் வேலை, காரணத்தை எழுத்தில் கேட்பது. தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். ‘எந்த ஆதாரத்தின் அடிப்படையில் என் மீது தவறு என்கிறீர்கள்? எத்தனை விழுக்காடு?’ என்று கேளுங்கள். இரண்டு பத்திக் கடிதம் போதும், எளிய மலாயில் எழுதலாம். கோபத்தை அதில் ஏற்ற வேண்டாம்.

காரணம் வந்ததும் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘எங்கள் ஓட்டுநர் ஏற்கெனவே சாலைக்குள் வந்துவிட்டார்’ என்று அவர்கள் சொன்னால், கண்ணாடி சிதறிய இடம் உங்கள் தடத்தில் இருப்பதைக் காட்டும் படத்தை இணையுங்கள். ‘அவர் வலப்பக்கம் அடிபட்டிருக்கிறது’ என்றால் வரைபடத்தைக் காட்டுங்கள். அட்ஜஸ்டர் எனும் சேத மதிப்பீட்டாளரின் அறிக்கை, பட்டறை ரசீது, போலீஸ் ஆவணங்கள், உரிமம், வண்டிப் பதிவு எல்லாவற்றின் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். கார் பட்டறையில் கிடந்த நாட்களுக்கும் மதிப்பீட்டாளர் கணித்த நாட்களின்படி ஓர் ஈடு கேட்க முடியும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘தவறு யாருடையது’ என்பது ஒரு தகராறு. ‘எவ்வளவு பணம்’ என்பது வேறு தகராறு. பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம் போட்டால் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்கச் சொல்வது இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பினால் அவர்களும் குழப்பிப் பதில் எழுதுவார்கள்.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவும் இல்லையென்றே சொல்லிவிட்டால், ‘இதுவே உங்கள் இறுதி முடிவா’ என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள்தான் அடுத்த வாசலுக்கு நுழைவுச்சீட்டு. முன்பு 1990-களில் காப்புறுதிச் சமரசக் கழகம் என்று இருந்தது. 2005-இல் அது நிதிச் சமரசக் கழகமானது. 2016 அக்டோபரில் நிதிச் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மன், ஓ.எஃப்.எஸ். வந்தது. 2025 ஜனவரி 1 முதல் அதுவும் பங்குச் சந்தைத் தகராறு மையமும் ஒன்றாகி, எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையாக இயங்குகிறது. பெயர் மூன்று முறை மாறினாலும் வேலை ஒன்றுதான். பொதுமக்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறை நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்ப்பது. பொதுமக்களிடம் கட்டணம் இல்லை.

மூன்றாம் தரப்பு வாகனச் சேதத்துக்கு அங்கே தனி உச்சவரம்பு உண்டு. ஓ.எஃப்.எஸ். காலத்தில் அது 10,000 வெள்ளி. சாதாரணக் கார்ச் சேதம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். இறுதி முடிவுக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் நம்மவர்கள் கோட்டை விடும் இடம். ‘தீபாவளி முடியட்டும், பள்ளி விடுமுறை முடியட்டும்’ என்று தள்ளினால் ஆறு மாதம் ஓடிவிடும். ஓம்புட்ஸ்மன் முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும்.

நீதிமன்றம் என்றதும் பயப்பட வேண்டாம். பாரிட் புந்தாரிலேயே நீதிமன்றம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆவது ஆணை, சிறு கோரிக்கை என்ற வழியை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வைத்திருக்கிறது. அந்த விதி வந்தபோது வைத்த வரம்பு 5,000 வெள்ளி. தனிமனிதர் வழக்கறிஞர் இல்லாமல் தானே நடத்தும் வழக்கு அது. பாரத்தை நீதிமன்ற முகப்பிலேயே கேட்டு வாங்கலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ள 4,800 வெள்ளி அதற்குள் அடங்கும்.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன உறவு வேலை செய்கிறது. எதிர்த்தரப்பு இடத்தில் காப்புறுதி நிறுவனத்தின் பெயரை எழுதாதீர்கள். வண்டியை ஓட்டியவரின் பெயரை எழுதுங்கள். வேலைநேரத்தில் ஓட்டிய நிறுவன லோரி என்றால் முதலாளியையும் சேருங்கள். வழக்கு தொடுத்த விவரத்தை உடனே காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஓட்டுநருக்கு ஓலை போனதும், அவர் ஓடிப்போய் நிற்கும் இடம் அவருடைய காப்புறுதி நிறுவனம்தான். அதுவரை பதிலே போடாமல் இருந்த நிறுவனம் அப்போது பேச வரும். வழக்கை விபத்து நடந்த இடத்து நீதிமன்றத்தில் போடலாம், எதிராளி வசிக்கும் இடத்திலும் போடலாம். மூன்று மாநில எல்லையில் வாழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்ச் சேதத்துக்கான வழக்கைத் தொடுக்கத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு காலக்கெடு. ஆனால் ஆறு ஆண்டு கழித்துச் சாட்சியை எங்கே தேடுவது?

காயம் இருந்தால்

இதுவரை பேசியதெல்லாம் தகரத்தைப் பற்றி. ஆளுக்குக் காயம் என்றால் சட்டமே வேறு மாதிரி நிற்கிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்புறுதி, மற்றவரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே. ஆகவே காய வழக்கில் தீர்ப்புக் கிடைத்தால், நிறுவனம் அதைக் கட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 96-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு, வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்த 7 நாளுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவிப்புப் போயிருக்க வேண்டும். எதிரே வந்த வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும், காயத்துக்கும் மரணத்துக்கும் வாகனக் காப்புறுதியாளர் கழகத்தை அணுகும் வழி உண்டு. காரின் தகரத்துக்கு அந்த வழி கிடையாது. குடும்பத்தில் சம்பாதித்தவர் இறந்துபோன வழக்கில் காலக்கெடு ஆறு அல்ல, மூன்றே ஆண்டு. இவற்றை நீங்களே நடத்த வேண்டாம். செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகள் இவை, வழக்கறிஞரைப் பாருங்கள்.

அரங்கில் ஓர் அம்மா கேட்டார், “காசோலை வந்திருக்கு, கூட ஒரு பாரமும் வந்திருக்கு, கையெழுத்துப் போடலாமா?” என்று. அம்மா, அந்தப் பாரத்தின் மேல் பகுதியைப் பார்க்காதீர்கள், நடுவில் உள்ள வரியைப் பாருங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் ‘பென்யெலெசாயான் பெனோ டான் முக்தாமாட்’ என்று இருக்கும். கார்ச் சேதத்துக்கு மட்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம். கழுத்து வலி, முதுகு வலி எல்லாம் சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். ‘கார்ச் சேதத்துக்கு மட்டுமே, உடற்காயக் கோரிக்கையைப் பாதிக்காது’ என்ற வரியைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். சேர்த்து அனுப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், போடும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.